செங்கழனிக் காவலர் தம்மையே சிறையிட்டது குறித்து

மூன்று ஆறுகளுக்கும், அவற்றுள் தண்ணீர் ஓடும் ஒன்றுக்குச் சிறப்பாகவும் அதிபதியாகிய மாறவேள் கோப்பெருந்தகையின் ஆணை தாங்கி, அமைச்சர் இளநாகன் விடுக்கும் ஓலை. செங்கழனி ஊரவையார் காண்க. உங்கள் ஏரி நிறைக, களம் பொலிக, கன்றுகாலி பெருகுக.

உங்கள் ஊர்க் காவலர் ஆதனின் மனைவி காரிநங்கை, தலைநகர் வரை நடந்தே வந்து முறையிட்டார். உங்கள் வழக்கம் யாம் அறிந்ததே. காவற்கூலி வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு, களவுபோன பொருளை மீட்காவிடில் காவலரே ஈடு தரவேண்டும், தராவிடில் சிறை. இம்முறை களவுபோனதோ காவலரின் சொந்தக் கிடா. ஈடு தரவேண்டியவரும் அவரே, பெறவேண்டியவரும் அவரே. வேறு கிடா இல்லாமையால் தம்மைத் தாமே பிடித்து ஊர்ச் சிறையில் அடைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். காலைதோறும் தம்மிடமே ஈடு கேட்டு, இல்லையென்று தாமே கைவிரிக்கிறாராம்.

காவல் காக்காதவருக்குக் கூலி ஏதென்று கேழ்வரகை நிறுத்தினீர்கள். கைதிக்கோ ஊர்ச்செலவில் இருவேளை நெற்சோறு என்பதும் உங்கள் வழக்கமே. அம்மையார் சொன்னதை எம் எழுத்தர் சொன்னபடியே பொறித்தார்: "வீட்டுல களி தின்னப்ப வராத கடமை, நெல்லுச்சோறு கண்டதும் வந்துருச்சு. வாங்கன்னா, சட்டத்த நானே மீறலாமான்னு கேக்குறாரு. எம் பிள்ளைக மூணும் பட்டினி சாமி."

கேட்டு முதலில் சிரித்தோம். பிள்ளைகள் என்றதும் சிரிப்பு நின்றது. களத்தில் அறுத்த நெல்லும் காவலின்றிக் கிடக்கிறதாம்.

கிடாவின் அடையாளம் கேட்டோம். ஒற்றைக் கொம்பு, கழுத்தில் வெண்கல மணி என்றார். சென்ற திங்கள் உங்கள் ஏரிக்கரையில் யாம் தங்கியபோது, வழிதவறி வந்ததென்று எம் சமையற்காரர் ஓர் ஒற்றைக்கொம்பு ஆட்டைப் பிடித்து வந்து, கழுத்து மணியைக் கழற்றி எம்மிடம் தந்துவிட்டு, மிளகிட்டு வறுத்தார். யாரதென்று ஒரு சொல் கேளாமல், இரண்டாம் முறையும் வாங்கி உண்டோம். வெட்கமாயிருக்கிறது.

ஆகவே ஆணை. கள்வர் யாமே. ஈடாக இரு கிடாக்கள் இவ்வோலையுடன் வருகின்றன. நிறுத்திய கேழ்வரகை இன்றே காரிநங்கை கையில் அளந்து கொடுங்கள். ஆதன் தம்மை விடுதலை செய்துகொண்டு களத்துக்குச் செல்க. உங்கள் சிறைக்கு ஓர் அறையே உண்டென அறிகிறோம். வெள்ளியன்று யாம் வந்து சேருமுன் அவர் அதைக் காலி செய்க. எமக்கு நெற்சோறும் மோரும் போதும், கறி வேண்டாம்.

செய்தி கேட்ட மன்னர் எம் முத்திரை மோதிரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டபடியால், கிடாவின் மணியையே அரக்கில் அழுத்தி இவ்வோலையை முடித்தோம்.