கேப்டன் லெமுவேல், என் பக்கத்துப் பண்ணைக்காரன்

1786 ஆகஸ்ட் 14
வரி பாக்கிக்காக என் உழவு மாடுகளைக் கான்ஸ்டபிள் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வெள்ளிக்காசாகத்தான் கட்ட வேண்டுமாம். இந்த மலையில் வெள்ளி யாரிடம் இருக்கிறது? சுதந்திரப் போரில் சம்பளமாக அரசாங்கம் தந்த கடன் சீட்டுகளை உப்புக்கும் விதைக்கும் அடிமாட்டு விலைக்கு விற்றோம். அவற்றை வாங்கிப்போட்ட பாஸ்டன் வியாபாரிகளுக்கு அரசாங்கம் முழு விலை கொடுக்க, இப்போது எங்களிடமே வரி.

ஆகஸ்ட் 19
ஏலம். லெமுவேல் ஊரையே கூட்டி வந்து நிறுத்திவிட்டான். ஒருவரும் விலை கேட்கவில்லை. கூவிக் கூவித் தொண்டை வற்றிப் போய், கான்ஸ்டபிள் மாடுகளை விட்டுவிட்டுப் போனான். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் என் மனைவி பேஷன்ஸ் சாப்பிட்டு முடிக்கும்வரை லெமுவேல் புராணமே பாடினாள். மாடு என்னுடையது, பேர் அவனுக்கா?

ஆகஸ்ட் 26
செவ்வாயன்று நார்தாம்ப்டன் கோர்ட்டை மறிக்கப் போகிறோம். கோர்ட் கூடினால்தானே கடன்காரனை ஜெயிலில் போட முடியும்? போர்க்காலம் மாதிரியே கை தூக்கிக் கேப்டனைத் தேர்ந்தெடுத்தோம். எனக்குத்தான் என்று நம்பி, எல்லோருக்கும் கடன் சொல்லி ரம் வாங்கிக் கொடுத்திருந்தேன். குடித்துவிட்டு லெமுவேலுக்குக் கை தூக்கினார்கள்.

ஆகஸ்ட் 29
நீதிபதிகள் திரும்பிப் போனார்கள். எங்கள் கூட்டத்துக்கு அடையாளமாக எல்லோர் தொப்பியிலும் அதே ஹெம்லாக் மரத் தழைதான். லெமுவேலுக்கு மட்டும் ஏன் அப்படி எடுப்பாக இருக்கிறது?

1787 ஜனவரி 28
ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போன எங்களை அரசாங்கப் படை பீரங்கியால் சுட்டுவிட்டது. நம்மவர்கள் பனியில் விழுந்து கிடந்தார்கள் — பார்க்க முடியவில்லை. ஓடினோம். தடுக்கி விழுந்த என்னை இழுத்துக்கொண்டு ஓடியவனும் லெமுவேல்தான். அதற்குக்கூட வேறு ஆள் கிடைக்கவில்லையா?

மார்ச் 12
துப்பாக்கியை ஒப்படைத்து, இனி அரசாங்கத்துக்கு அடங்கி நடப்பேன் என்று சத்தியம் செய்தேன். "நீ கேப்டனா?" என்று குமாஸ்தா கேட்டார். இல்லை என்றேன். போகலாம் என்றார். கேப்டன்களுக்குத் தூக்காம்.

மார்ச் 17
மேப்பிள் சர்க்கரை காய்ச்சும் என் குடிசையில் லெமுவேல் ஒளிந்திருக்கிறான். பேஷன்ஸ் அவனுக்குச் சுடச்சுடக் கொண்டு போகிறாள். எனக்கு ஆறிப்போன மக்காச்சோளக் கஞ்சி.

மார்ச் 19
கான்ஸ்டபிள் வந்தான். காட்டிக் கொடுத்தால் வெள்ளியாகவே கிடைக்கும், வரி முழுக்கத் தீரும் என்றான்.
"உனக்குத் தெரியாம இருக்குமாய்யா? பக்கத்து வீட்டுக்காரன்தானே?"
நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. அவனைத் தூக்கில் போட்டால் இந்த மலையில் பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் லெமுவேல் என்று பேர் வைப்பார்கள். சாகிறவரை நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கணுமா? முடியாதுப்பா.
"தெரியாது" என்றேன்.
பேஷன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தங்கமான மனசுங்க" என்றாள். நான் மறுக்கவில்லை.

மார்ச் 21
மாடு பூட்டிய சறுக்கு வண்டியில் சர்க்கரைத் தொட்டிகளுக்கு நடுவே அவனைப் படுக்க வைத்து, இங்கத்துச் சட்டம் செல்லாத வெர்மாண்டில், எல்லை தாண்டி இறக்கிவிட்டேன். என் கையை விடவே இல்லை.
"ஜோத்தாம், அன்னைக்கு உன்னைத்தான்டா கேப்டனாக்கியிருக்கணும். நான் உனக்குத்தான் கை தூக்கினேன்."
இத்தனை மாதம் ஏங்கிய வார்த்தை. காதில் விழுந்ததும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாடுகளைத் திருப்பினேன். பனி உருகிப் பாதை முழுக்கச் சேறு, வீடு வந்து சேர இருட்டிவிட்டது.