கோழிக்கு அடிச்ச மருந்து

கனகராயன்குளம்

அன்பு மகள் யதுர்ஷிகாவுக்கு,

இஞ்சை நானும் உன்ரை கொப்பரும் சுகம், மிஞ்சின கோழியளும் சுகம். அந்தக் குளிருக்கை நீயும் சுகமாயிருக்க அம்மாளாச்சி துணை நிக்கட்டும். போனிலை சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் கொப்பர் பக்கத்திலை வந்து காது குடுப்பார், அதாலை நோர்வே திரும்பிற தயாபரனிட்டை இதைக் குடுத்துவிடுறன்.

கோழிக்கூட்டிலை தெள்ளுப்பூச்சி வந்திட்டுது. சாம்பல் போடுவம் எண்டன், கேட்டால்தானே. கடைக்கோழி முழுக்க மருந்து எண்டு ஊருக்குப் பிரசங்கம் வைக்கிற மனிசன், வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கலந்து, முகத்துக்கு ஒரு துணியும் கட்டாமல் கூட்டுக்கும் கோழியளுக்கும் கிழமைக்குக் கிழமை அடிச்சார். தெள்ளுச் செத்தது உண்மைதான். பிறகு கோழியள் காலை இழுத்து இழுத்து நடந்துதுகள், செட்டை தொங்கிப்போச்சு, பெரிய சேவல் எழும்பேலாமல் படுத்திட்டுது. கொப்பர் தீவனத்திலைதான் பிழை எண்டார். தனக்கு வருத்தம் எண்டால் ஆசுப்பத்திரி வாசலே மிதிக்காதவர் சேவலைப் பெட்டியிலை வைச்சு புளியங்குளத்திலை மிருக வைத்தியரிட்டைக் கொண்டுபோனார், நானும் போனனான். சேவல் வழியிலையே செத்துப்போச்சு. மேனுகா எண்ட அந்த டொக்டர்பிள்ளைக்கு உன்ரை வயசுதான் இருக்கும், வெட்டிக் காட்டினா, நெஞ்சிறைச்சி அவிச்சதுபோலை வெளிறி, துடை சூம்பிக் கிடந்தது. மருந்து நரம்பைப் பிடிச்சால் தசை சோந்துபோகும், பிறகு தசையே கெட்டுப்போகும், தான் சொல்லுமட்டும் மற்றக் கோழியளின்ரை முட்டையும் இறைச்சியும் தின்னாதேங்கோ எண்டா. கொப்பர் திரும்பவும் தீவனம் எண்டு வாயெடுத்தார். அவா அவரின்ரை கையைப் பாத்துக்கொண்டு நிண்டா. அந்தக் கை கொஞ்ச நாளாய் நடுங்கினது, சேட்டுப் பொத்தான் நான்தான் பூட்டிவிட்டனான், வயசு எண்டு இருந்திட்டன் பிள்ளை. மருந்தடிச்சது ஆர் ஐயா எண்டு கேட்டா. கொப்பர் கையை முதுகுக்குப் பின்னாலை கொண்டுபோனார். நான் கோழிக்குத்தான் வைத்தியம் பாக்கலாம், நீங்கள் இப்பவே வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போங்கோ எண்டா. நான் அப்பிடியே அவரை வவுனியா பஸ்ஸிலை ஏத்தினன்.

அங்கை வாட்டிலை மறிச்சுவைச்சு, அதே மருந்துதான் உடம்பிலை ஏறியிருக்கெண்டு சொல்லி வைத்தியம் செய்தினம். பக்கத்துக் கட்டில்காரர் என்ன வருத்தம் எண்டு கேக்க, கோழிக்குச் சுகமில்லை, அதுதான் வந்தனான் எண்டார் கொப்பர். இப்ப நடுக்கம் நல்லாக் குறைஞ்சிட்டுது. இனி வயலுக்கு ஆளைப் பிடிச்சு அடிப்பிப்பம் எண்டார். அந்த ஆளுக்கும் கைகால் இருக்கெல்லோ எண்டன். அடுத்தநாள் கடைக்குப் போய் முகக்கவசம் ரண்டு வாங்கியந்தார்.

நீ பழம் மரக்கறியளை நல்லாக் கழுவிச் சாப்பிடு. அம்மாளாச்சி உன்னை ஒரு குறையுமில்லாமல் வைச்சிருக்கட்டும். ஒண்டு மறந்திடாதை, போன் எடுக்கேக்கை அப்பா கை எப்படி எண்டு கேளாதை. கோழி எப்படி எண்டு கேள், தன்ரை கதை முழுக்கச் சொல்லுவார்.

உன்னையே நினைச்சுக்கொண்டிருக்கிற அம்மா,
கமலாசனி