மாமாவுக்கு வைத்த வேக வரம்பு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌகரியமாகவே இருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, மனம் தேறி இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். எல்லோரும் கைப்பேசியில் தட்டி அனுப்பும்போது இவர் ஏன் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். செய்தியாகத் தட்டினால் பாதியில் தைரியம் போய் அழித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். பேசலாம் என்றால் அம்மா கூடவே இருக்கிறாள். எனக்கு இப்போது மீசை வேறு இல்லை, உதட்டை அசைத்தாலே எதிர்ச் சுவரிலிருந்து படித்துவிடுகிறாள். மீசை போன கதையைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை போய்விட்டது என்று நீ சொன்ன அன்று அம்மா சிரித்துக்கொண்டே, "ரொம்ப சந்தோஷம்மா, இனிமே உனக்கு எல்லாம் நல்லதுதான்" என்றாளே, அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, அந்த இடத்தில் நான் இருந்தாலும் போனை வைத்திருப்பேன். ஆனால் அன்று இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. காது முழுக்கப் போன பிறகு அம்மா வீடியோவில் உன் வாயைப் பார்த்துத்தான் உன்னோடு பேசுகிறாள். அன்று நீ பேசத் தொடங்கியதுமே படம் நின்றுவிட்டது. நின்ற படத்தில் நீ சிரிப்பது போல இருந்தது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது, அது எனக்குத்தான் கேட்டது. ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து இவளும் சிரித்தாள். நான் சைகை காட்டுவதற்குள் நீ வைத்துவிட்டாய். வைத்ததும் என்னைப் பார்த்து, பதவி உயர்வா என்று கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். உனக்காவது உடனே விளக்கியிருக்க வேண்டும். படம் நின்றதற்குக் காரணம் தெரியாமல் சொன்னால் சாக்குப் போல இருக்கும் என்று தயங்கினேன். இப்போது காரணம் தெரியும். காரணம் மேல்மாடியில் இருக்கிறது, உன் மாமா.

இணைப்பு என் பெயரில் இருந்தாலும், அந்த வைஃபை பெட்டியை உன் மாமா தன் கணினிக்குப் பக்கத்தில்தான் வைத்துக்கொண்டிருந்தான். அலுவலகம் விட்டு வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு துப்பாக்கி விளையாட்டில் உட்கார்ந்துவிடுவான். அவனுடைய அணியில் அவனுக்குப் புயல் என்று பெயராம். இந்த வயதில் ஒரு மனிதன் புயல் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், சரி, அது அவன் இஷ்டம். படம் நிற்கிறது என்று நான் எப்போது சொன்னாலும், "பழைய வீடு அத்தான், சுவர் தடிமன், என்ன பண்றது" என்பான். நான் வாழ்நாளெல்லாம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். குழாயில் தண்ணீர் கலங்கி வந்தால் குழாயைக் குற்றம் சொல்லும் முன் தொட்டிக்கே போய் எடுத்துப் பார்ப்போம். அதனால் ஒரு மாலை அம்மாவின் டேப்லெட்டை மாடிக்குத் தூக்கிப்போய் அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே வைத்துப் பார்த்தேன். நடுவில் சுவரே இல்லை, ஆனாலும் கீழே இருந்த அதே நத்தை வேகம்தான். பக்கத்தில் அவன் கணினியோ பறந்துகொண்டிருந்தது. சந்தேகத்தோடு, ஒருவேளை எனக்குத்தான் புரியவில்லையோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவன் ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை.

"நான்தான் கொறைச்சு வச்சிருக்கேன் அத்தான். கீழ நீங்க எதையாவது ஓட்டினா எனக்கு இங்க கேம் இழுக்குது. அக்காவுக்குத்தான் காதே கேக்காதே, அவளுக்கு வீடியோ என்னத்துக்கு?"

நான் சரிப்பா என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். ஆமாம், சரிப்பா என்றுதான் சொன்னேன். படிக்கட்டில் இறங்கும்போது எனக்குப் பயம் என்று முதலில் நினைத்தேன், கீழ்ப்படிக்கு வந்தபோது அது பயமில்லை, கோபம் என்று தெரிந்தது. தன் அக்காவைப் பற்றி, அவனைத் தூக்கி வளர்த்தவளைப் பற்றி, ஒரு பொம்மைத் துப்பாக்கியைச் சுட்டுக்கொண்டே அப்படிச் சொன்னான். அவன் ஆயுதத்தாலேயே அவனை அடிக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். இப்படியெல்லாம் எழுதுகிறேனே, உனக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கலாம்.

அடுத்த வாரம் அவன் அலுவலக வேலையாக வெளியூர் போனான். நான் கேமிங் ரவுட்டர், அதாவது விளையாட்டுக்காரர்களுக்கான வைஃபை பெட்டி, வாங்கக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் என்ன விளையாட்டு விளையாடுவீர்கள் சார் என்று கேட்டாள். விளையாட இல்லையம்மா, பேச என்றேன். அப்படியானால் சாதாரண ரவுட்டரே போதும் என்றாள். நான் ஏற்கெனவே படித்து வைத்திருந்தேன். கேமிங் ரவுட்டரில் ஒரு வசதி உண்டு, வீட்டில் நெரிசல் வரும்போது எந்தக் கருவியை முதலில் விடுவது, எதைக் காக்க வைப்பது, எதற்கு எவ்வளவு என்று நாமே சொல்லலாம். வேகம் பெரிதில்லை, காத்திருப்புதான் படத்தை நிறுத்துகிறது. ஒரே குழாயில் மாடிக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழ்வீட்டில் சொட்டத்தானே செய்யும். கேமிங்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதும் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள். கறுப்பாக, சிவப்பு விளக்கோடு, கொம்பு கொம்பாக, மல்லாந்து விழுந்த நண்டு மாதிரி இருந்தது. அம்மா அதன்மேல் கைக்குட்டை போட்டு மூடினாள், சூடாகிவிடும் என்று நான் எடுத்தேன், மறுபடி மூடினாள். லைன் ஆளை வரவழைத்து வயரைக் கீழ்வீட்டுக்கு இறக்கிக்கொண்டேன்.

சோதனையை நானே வகுத்தேன். அம்மா முன்னறையில் டேப்லெட்டோடு உட்கார வேண்டும். நான் கடைசியில் இருக்கும் துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் அவளை வீடியோவில் கூப்பிட்டு, குரலே இல்லாமல் உதட்டால் மட்டும் செய்தித்தாளை வாசிப்பேன். அவள் படித்ததை உரக்கச் சொல்ல வேண்டும். நெரிசலுக்காக டிவியில் ஒரு படம், பழைய கணினியில் ஏதோ பெரிய கோப்பு, இரண்டையும் ஓட விட்டேன். ஒவ்வொன்றாக மாற்றினேன், அறையை, கதவை, கொம்புகளின் சாய்வை. விளைச்சல் குறைந்தது என்று நான் வாசித்தால், வெளிச்சம் நிறைந்தது என்று முன்னறையிலிருந்து கத்தினாள். எதை மாற்றினாலும் அப்படித்தான். கடைக்குத் திருப்பிக்கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் இதில் குறை இருக்கிறது என்று நீண்ட விளக்கம் கொடுத்து, வேறொன்று வாங்கி வந்தேன். அதிலும் அதே கதை. நான் சோர்ந்து முன்னறைக்கு வந்து நின்றபோது அம்மா சொன்னாள், "படம் கண்ணாடி மாதிரிதான் இருக்கு. உங்க மீசைதான் மேல் உதட்ட மூடுது. நேர்ல பழக்கத்துல புரியுது, இதுல எங்க புரியும்?" இத்தனை மாற்றியவன் என் முகத்தை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. அன்றே எடுத்துவிட்டேன். அதன் பிறகு ஒரு பக்கம் முழுவதையும் விலைவாசி உட்பட ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். குற்றமில்லாத முதல் ரவுட்டரைப் பழித்ததற்காகக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், மீசையில்லாததால் அந்தப் பெண்ணுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை.

அம்மாவின் டேப்லெட்டுக்கு வீட்டிலேயே முதலிடம் கொடுத்தேன். ரவுட்டர் அதை ஒரு விளையாட்டு இயந்திரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. மாமாவுக்கு விருந்தாளிகளுக்கான தனி வழி ஒன்று திறந்து, அவன் நமக்கு விட்டிருந்த அளவு எதுவோ அதையே, ஒரு துளி கூட்டாமல் குறைக்காமல், அவனுக்கு வைத்தேன். ஊரிலிருந்து வந்தவனிடம் பழைய வயர் கெட்டுவிட்டது, மாற்றிவிட்டேன் என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும், அன்று தடையில்லாமல் வந்தது. நேற்று மதியம் அவனுடைய அணிக்குப் போட்டி. நான் கூடத்தில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே முதலில் நாற்காலி நகர்ந்தது, பிறகு மேஜையில் குத்து விழுந்தது, பிறகு புயல் படியிறங்கி வந்தது. விளையாட்டில் எல்லோருக்கும் முதலில் இவன்தான் செத்தானாம், அசையாமல் நின்ற இடத்திலேயே சுட்டுவிட்டார்களாம்.

"என்ன அத்தான் பண்ணி வச்சிருக்கீங்க? பசங்க முன்னாடி மானம் போச்சு."

"சுவர் தடிமன்பா. பழைய வீடு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. பாஸ்வேர்டைக் கேட்டான், மறந்துவிட்டேன் என்றேன். அக்காவிடம் சொல்கிறேன், அக்கா உங்களைப் பார்த்துக்கொள்வாள் என்று விரலை ஆட்டிவிட்டு மேலே போனான். மகளே, அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆனால் அதற்குப் பிறகு ஒரே கலக்கம். தம்பி கண்ணைக் கசக்கினால் அம்மா உருகிவிடுவாள். அவன் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் உன் வேலை போனதையும், அதைக் கேட்டு இவள் சிரித்ததையும், நான் தலையாட்டியதையும் சொல்ல வேண்டும். அது இவளைக் கொன்றுவிடாதா? நான் செய்தது சரியா, தப்பா, வயதானவனுக்கு அழகில்லையா என்று உன்னிடம் கேட்கத்தான் இன்று காலை இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

இதுவரை எழுதிவிட்டுச் சாப்பிட எழுந்தேன், அதற்குள் நடந்துவிட்டது. நான் கூடத்துக்கு வந்தபோது மாமா அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, அத்தான் என்மேல் பழி தீர்க்கிறார் அக்கா என்று கை கூப்பாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனைப் போகச் சொல்லிவிட்டு, என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்து, ஏன் என்று கேட்டாள். எனக்கு வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், மெதுவாக, உதட்டைத் திறந்து. அவன் சொன்ன வார்த்தையை இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னாள். உன் வேலையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவள் திரும்பிப் பார்க்கும் வரை நான் பேச முடியாமல் காத்திருந்தேன். அழவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தம்பிக்கு வைத்த அளவு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றாள். மனமிரங்கிவிட்டாள், ஏற்றச் சொல்லப்போகிறாள் என்று நினைத்து, திரையைத் திறந்து காட்டினேன். அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுக்கும் கீழ எறக்க முடியாதா?"

இன்னும் ஒரு படி இறக்கலாம் என்றேன்.

"எறக்குங்க."

இறக்கிவிட்டேன். அவளே பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அதனால் உன்னிடம் கேட்க இனிக் கேள்வி எதுவும் இல்லை, ஒரு வேண்டுகோள்தான். இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. ஜன்னலுக்கு எதிரே உட்கார், வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும், முடி உதட்டில் விழாமல் கட்டிக்கொள். அம்மா உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம், என்னிடம் சொல்லமாட்டேன் என்கிறாள். வேலை இன்றில்லாவிட்டால் நாளை கிடைக்கும், அதுவரை பட்டினி மட்டும் கிடக்காதே. நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, யாருக்கும் அஞ்சாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். உன் மாமா சமாதானம் பேசச் சொல்லி உனக்குச் செய்தி அனுப்பினாலும் அனுப்புவான். பதில் போட அவசரப்படாதே. அது அவனுக்குப் போய்ச்சேர எப்படியும் நேரமாகும்.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைத்திருக்கும்
அப்பா