கேற்றிலிருந்து படி வரைக்கும் கிரவல்

ஒக்ரோபர் 6, திங்கள்

வெயில். மேற்கே கறுப்பு, மழை இல்லை. கோழிகளுக்கு மருந்து வாங்க மறந்தாயிற்று.

கேற்றிலிருந்து புது வீட்டுப் படி வரை நடந்து எண்ணினேன். வீட்டுக்காரர் இவருக்கு முப்பத்தெட்டு அடி. எனக்கு, இடது பொய்க்காலோடு, ஐம்பத்திரண்டு. இந்த வீடு இதுவரை ஒரு மாரிதான் கண்டது. அதிலேயே ஓட்டோ சேற்றில் புதைந்து நாலு பேர் தள்ளினார்கள். மாதக் கடைசியில் மகள் தர்சினி தலைப்பிரசவத்துக்கு வவுனியாவிலிருந்து வருகிறாள். அதற்குள் பாதைக்கு ஏதாவது போட வேண்டும்.

யோகன் மேசன் வந்து பார்த்தார். அவர் சொன்னவை:

கொங்கிரீற்று – உறுதி. ஈரத்தில் தும்புத்தடியால் கூட்டுகிற மாதிரிக் கோடு இழுத்துவிட்டால் வழுக்காது. ஒரு முழம் தோண்ட வேண்டும்.

இன்ரர்லொக் கல் – வடிவு. அதற்கும் தோண்ட வேண்டும்.

கிரவல் – சரளை மண்தானே, தோண்டத் தேவையில்லை. கொட்டிப் பரவி, உருளையால் இறுக்கினால் முடிந்தது.

“ஆனா அக்கா, கிரவல் உங்கட காலுக்கு உருளும்.”

என் காலைப் பற்றி முகத்துக்கு நேரே சொல்கிறவர் இந்த மனிதர் ஒருவர்தான். எனக்கு அது பிடிக்கும். ஆனால் தோண்டுவது என்று கேட்டதும் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன். 

ஒக்ரோபர் 8, புதன்

அதே வெயில். தைக்க வந்த சட்டை மூன்று, ஒன்றும் தொடவில்லை.

அலுமாரியில் கூறைச் சேலைக்கு அடியில் இருக்கும் கடிதத்தை மறுபடி எடுத்தேன். கண்ணிவெடி அகற்றியவர்கள் காணிக்குத் தந்தது. ஒரு சாண் ஆழத்துக்குப் பார்த்தார்களாம். மேசன் கேட்பது ஒரு முழம். சாணுக்கும் முழத்துக்கும் இடையில் என்ன கிடக்கிறது என்று யாரைக் கேட்பது?

இவர் சொன்னார், “அத்திவாரம் வெட்டேக்க ஒண்டும் நடக்கேல்லைத்தானே?”

“அந்த நாள் முழுக்க நான் தர்மபுரத்தில அக்கா வீட்டில போய் இருந்தனான். உங்களுக்குத் தெரியாதே?”

“தெரியும். உம்மட பயம் பதினைஞ்சு வருசமாத் தெரியும்.”

கோபமில்லாமல் சொன்னார். அதுதான் எரிச்சல். மீளக்குடியேறின புதிதில் விறகு பொறுக்கப் போனேன். சிவப்புத் தடிகளுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன், பயமில்லை என்று சொன்ன பக்கம். அங்கேதான் கால் போனது. எனக்கு ஒரு கடிதத்திலும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அதைக் கிழித்துப் போடவும் பயம்.

ஒக்ரோபர் 11, சனி

சண்டை. இவர் கொங்கிரீற்று, நான் கிரவல். தர்சியும் போனில் அப்பா பக்கம்.

“அம்மா, கிரவலில நீங்கள் விழுவியள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விழுந்தா?”

நியாயமான கேள்வி. போனை இவரிடம் கொடுத்துவிட்டு அழுதேன். கொஞ்சம் வேண்டுமென்று, மிச்சம் உண்மையாகவே. இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ரிப்பர் லொறிக்காரரிடம் கிரவலுக்குச் சொல்லிவிட்டு வந்தார். நான் வென்றேன்.

பகல் அவித்த மரவள்ளி. சம்பலுக்கு உறைப்புக் கூடிவிட்டது. இவர் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார்.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

வானம் மப்பு. ரிப்பரில் இரண்டு லோட் வந்தது. வேலியிலிருந்து வாய்க்கால் வரை முழு அகலத்துக்கும் பரவியாயிற்று. உருளை வெள்ளிக்கிழமைதான் கிடைக்குமாம். நடந்து பார்த்தேன், உருளுகிறது. பழகிவிடும்.

நிலத்தில் ஒரு மண்வெட்டி படவில்லை. மத்தியானம் நல்ல நித்திரை. எத்தனை நாளைக்குப் பிறகு.

ஒக்ரோபர் 16, வியாழன்

 எழுத்து கோணல்.

தர்சி சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு கிழமை முந்தி வந்துவிட்டாள். கேற்றடியில் ஓட்டோவால் இறங்கி, பையோடு சிரித்துக்கொண்டு கிரவலில் நடந்து வருகிறாள். நான் படியில் நிற்கிறேன். அவளுடைய செருப்புக்கு ஒரு முழத் தூரத்தில் கறள் பிடித்த இரும்பு ஒன்று. பாதி வெளியே. பின்பக்கம் மீன் வால் மாதிரித் தகடு.

கத்தினேனா சொன்னேனா, நினைவில்லை. அவள் நின்றாள்.

“வந்த அடியிலயே காலை வைச்சுத் திரும்பிப் போ. அவசரப்படாத.”

ஏன் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் பிறந்த பிள்ளை. தன் தடத்தில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ரோட்டுக்குப் போனாள். பையைக்கூடக் கீழே போடவில்லை.

பொலிஸ் வந்தது. பிறகு வெடி அகற்றுகிறவர்கள் வந்தார்கள். ஷெல்தான், வெடிக்காமல் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒரு பெண் கேட்டாள், “கிரவல் எங்கயிருந்து வந்தது?”

அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. இவர் ரிப்பர்காரருக்குப் போன் எடுத்தார். காட்டுக்குள் வெட்டின ஒரு கிடங்கில் அள்ளினதாம்.

என் காணிக்குக் கடிதம் இருக்கிறது. கிரவலுக்கு ஏது கடிதம்? ஒன்றுமில்லாத நிலத்துக்கு மேல் நானே கொண்டுவந்து கொட்டுவித்தேன். அழுது கொட்டுவித்தேன்.

மிச்சத்தைத் திங்கள் வந்து சோதிப்பார்களாம். அதுவரை ஒருவரும் கால் வைக்கக் கூடாது. கேற்றிலும் படியிலும் சிவப்பு நாடா. தர்சியைப் பக்கத்து வயல் வரம்பால் கூட்டிவந்தோம். மேசனுக்கு உருளை வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

ஒக்ரோபர் 17, வெள்ளி

மழை. விடாத மழை. பக்கத்து வயலில் இடுப்பளவு தண்ணீர், வரம்பு தெரியவில்லை. வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறோம். அரிசி இருக்கிறது. பால்மா முடிகிறது.

கோழிகளுக்கு நாடா விளங்காது. கிரவலைக் கிளறுகின்றன. ஒவ்வொரு கிளறலுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு யன்னலடியில் நிற்கிறேன்.

“நான் அப்பவே சொன்னனான்” என்று இவர் ஒரு தரம் சொன்னால் நன்றாக இருக்கும். சொல்கிறார் இல்லை.

ஒக்ரோபர் 19, ஞாயிறு. ஆஸ்பத்திரி

பிரசவ அறை வாசலில், வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். சும்மா இருந்தால் தலை வெடித்துவிடும்.

விடிய தர்சிக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. ஓட்டோ கேற்றுக்கு வெளியே நிற்கிறது. வயலில் வெள்ளம். நடுவில் கிரவல்.

இவர் சாரத்தை மடித்துக் கட்டினார். “நான் முன்னுக்குப் போறன்.”

“நீங்கள் தர்சியைப் பிடியுங்கோ. விழுந்தா என்னால தூக்க ஏலாது. நடக்க மட்டும்தான் ஏலும்.”

“உமக்கென்ன விசரே?”

“இடது கால் எனக்கு ஏற்கெனவே போனதுதானே. விடுங்கோ.”

நாடாவைத் தூக்கிக் குனிந்தேன். பொய்க்காலை முன்னுக்கு வைத்து அமத்தி மிதித்தேன். இடப்பக்கம் ஒரு தரம், வலப்பக்கம் ஒரு தரம். ஒன்றுமில்லை. பிறகு அந்த இடத்திலேயே நல்ல கால். என் தடத்தில் தர்சி, அவள் தடத்தில் இவர். ரோட்டில் நின்று ஓட்டோக்காரர் “மெல்ல, அக்கா, மெல்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நனைந்த கிரவல் உருண்டது, யோகன் மேசன் சொன்னது போலவே. இரண்டு தரம் சறுக்கினேன், விழவில்லை.

பாதி வழியில் அவளுக்கு வலி வந்தது. “அம்மா, நில்லுங்கோ.” என் தோளை இறுக்கிப் பிடித்தாள். மூன்று பேரும் நடுக் கிரவலில், மழையில், நின்றோம். அவள் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு நின்றேன். அதைப்போல ஒரு பயம் கால் போன அன்றும் இல்லை.

ஐம்பத்திரண்டு அடியில்லை. தொண்ணூறு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

இவர் இப்போது பக்கத்தில் வந்திருந்து கேட்கிறார், “கொங்கிரீற்று எண்டு மேசனுக்குச் சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ. முதல்ல வெடி எடுக்கிறவங்கள் வந்து கிரவலை அள்ளட்டும். ஒரு முழ ஆழத்துக்கும் பாக்கட்டும். பிறகு தோண்டுங்கோ.”

“நீர் அக்கா வீட்டை போகேல்லையோ?”

“போகேல்லை.”

உள்ளே கதவு திறக்கிறது. நேர்ஸ். “தர்சினியின்ர அம்மா ஆர்? பேத்தி வந்திருக்கிறா, வாங்கோ.”

பொய்க்காலை முன்னுக்கு வைத்து எழும்புகிறேன்.