கை வளைவில் ஒரு குழி

என் வீட்டுக்காரிக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவின் இருமல் தணிந்ததா?

மதியம் பட்டறையில் பளிங்குத் தூளிலேயே தூங்கிவிட்டேன், மேகத்தில் படுத்த மாதிரி. சிற்பி திட்டவில்லை, பயப்படாதே. என்னை வரைந்துகொண்டிருந்தார். முதல் படத்தில் மூக்கும் முழியுமாக இருந்தேன். அடுத்தடுத்த தாள்களில் முகம் போனது, கால் போனது. கடைசித் தாளில் நீட்டிய ஒரு கையும், அதன் வளைவில் ஒரு குழியும்தான் மிச்சம். அதைத்தான் நான் கல்லில் செதுக்க வேண்டுமாம்.

“கையை ஏன்யா இப்படி நீட்டிக்கிட்டுத் தூங்குற?” என்றார்.

“வீட்டுக்காரி தலை வைக்கிற இடம் சார். பழகிப்போச்சு.”

குழியைக் குத்துமதிப்பாகத் தோண்டினால் போதும் என்கிறார். நீ உன் தலையைச் சுற்றி ஒரு நூலால் அளந்து, அந்த நூலைத் தபாலில் அனுப்பு. அது வரும்வரை அந்த இடத்தில் உளி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் தூங்குமூஞ்சி