பூட்டிய விளையாட்டு அறையைத் திறக்கக் கோரி

அனுப்புநர்
மோ. சௌந்தர்யா,
க/பெ. மோகன்குமார் (காலஞ்சென்றவர்),
மேட்டுக்காடு, ராசிபுரம் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: அரசு மருத்துவமனையில் பூட்டப்பட்ட குழந்தைகள் விளையாட்டு அறையைத் திறந்து, ஆலோசகரை மீண்டும் நியமிக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறேன். போர்வெல் லாரியில் வேலை பார்த்த என் கணவர் சென்ற ஆடி மாதம் விபத்தில் இறந்தார். உடலை வாசலில் கிடத்தியிருந்தபோது, ஒன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் தீபிகா அவரை எழுப்பிக்கொண்டே இருந்தாள். யாரோ அவளைத் தூக்கிச் சென்றார்கள். அன்றிலிருந்து பேசுவதை நிறுத்திவிட்டாள்.

2. அவளை அரசு மருத்துவமனையின் விளையாட்டு அறைக்குக் கூட்டிச் சென்றேன். அங்கிருந்த ஆலோசகர் திருமதி உஷாராணி அவர்கள் மருந்து எதுவும் தரவில்லை. பிள்ளையோடு விளையாட எனக்குத்தான் கற்றுக்கொடுத்தார். "புள்ள போற பக்கம் போங்க. நீங்க எதையும் மாத்தாதீங்க, கேள்வியும் கேக்காதீங்க" என்றார். வீட்டிலும் தினமும் சிறிது நேரம் அப்படியே செய்தேன். தை மாதம் ஒரு நாள் தீபிகா பொம்மை லாரியை உருட்டியபடி, "நகருங்க" என்றாள்.

3. மாசியில் ஆலோசகரின் ஒப்பந்தம் முடிந்ததாகக் கூறி அனுப்பிவிட்டார்கள். அறையில் மருந்துப் பெட்டிகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். கேட்டதற்கு, "ஊட்ல பொம்மை இல்லீங்களா? அங்கயே வெளையாடுங்க" என்று பதில் வந்தது.

4. வீட்டில்தான் விளையாடுகிறோம் ஐயா. இப்போது தீபிகா என்னை அப்பாவாகப் படுக்கச் சொல்கிறாள். படுத்ததும், "எந்திரிங்கப்பா" என்று தோளைப் பிடித்து உலுக்குகிறாள். நான் எழுந்தால் அவர் திரும்பி வருவார் என்று நம்பிவிடுவாளோ, எழாவிட்டால் மறுபடியும் பேச்சை விட்டுவிடுவாளோ, தெரியவில்லை. கேட்க ஆள் இல்லாததால் கண்ணை மூடியபடியே கிடந்தேன். தினமும் இதே விளையாட்டுதான்.

5. நேற்று உலுக்கிப் பார்த்துவிட்டு, என் மேல் துண்டைப் போர்த்தினாள். சற்று நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அப்பா படுத்திருக்கட்டும். நீ எந்திரிம்மா, பசிக்குது" என்றாள். எழுந்து சோறு போட்டேன். சாப்பிட்டாள்.

6. அந்த அறைக்கு வந்துகொண்டிருந்த மற்ற தாய்மார்களும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஆகவே அறையைத் திறக்கவும், திருமதி உஷாராணி அவர்களையோ அவரைப் போல் பயிற்சி பெற்ற வேறொருவரையோ பணியமர்த்தவும் ஆணையிட வேண்டுகிறேன். என் மகள் தேறி வருகிறாள் என்றே நினைக்கிறேன். என் கணவர் இறந்து இத்தனை மாதமாகியும் எனக்குத்தான் அழுகை வரவில்லை. அதையும் ஆலோசகரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

நாள்: 28.04.2025
இடம்: நாமக்கல்

இப்படிக்கு,
மோ. சௌந்தர்யா