சத்து மாத்திரை டப்பா

பிப்ரவரி 3

அன்புச் சிட்டு,

இருமல் விட்டது, முழங்கால் விடவில்லை. மற்றபடி சுகம்.

இதில் மூன்று விஷயங்கள்:
1. உன் மாத்திரை
2. நீ செய்யக்கூடாதது
3. மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது

வரிசை இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது, தெரியுமே.

முதலாவது. குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றிருப்பதாகப் போனில் சொன்னாய். "நல்லதும்மா" என்று வைத்துவிட்டேன். வலிப்புக்கு நீ பதினைந்து வயதிலிருந்து போடும் மாத்திரை கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகலாம். பின்னால் பேச்சும் படிப்பும் தாமதமாகலாம். எல்லாக் குழந்தைக்கும் அல்ல, ஆனால் பயப்பட வேண்டிய அளவுக்கு உண்டு. பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சடித்தே இருக்கிறது. அந்தத் தாள் உன் கைக்கு வந்ததில்லை. கல்யாணமான ஆறு வருடமாகப் டாக்டரின் பழைய மருந்துச் சீட்டையே காட்டி வாங்கி, சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி அனுப்புகிறேன், புகுந்த வீட்டில் யாரும் கேட்கக்கூடாதென்று. முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் திட்டியிருப்பேன்.

இரண்டாவது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதே, ஒரு வேளைகூட. திடீரென்று விட்டால் வலிப்பு திரும்பும், உயிருக்கே ஆபத்து. நரம்பு டாக்டரைப் பார். அவர் சொல்லும்வரை கரு தங்காமல் பார்த்துக்கொள்.

மூன்றாவது. மாப்பிள்ளையிடம் சாதாரணப் பரிசோதனை என்று சொல்லிக்கொள். ஆறு வருடம் ஒளித்தது தெரிந்தால் மனிதர் வெறுத்துவிடுவார்.

அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பா,

முதல் இரண்டும் நீங்கள் சொன்னபடி. மாத்திரையை நிறுத்தவில்லை. டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாக வேறு மருந்துக்கு மாற்றுகிறார். சில மாதம் பிடிக்குமாம். அது ஒத்துக்கொண்ட பிறகுதான் குழந்தை.

மூன்றாவதைக் கேட்கவில்லை. "மாத்தும்போது வலிப்பு வரலாம், வீட்ல கூட யாரு இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார். அன்று சாயங்காலமே இவரிடம் சொல்லிவிட்டேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இவ்வளவு சத்தம் உண்டென்று எனக்கே தெரியாது.

"ஊர்ல எவன் லிஃப்ட் நின்னாலும் எனக்குத்தான் முதல்ல போன் வருது. என் வீட்டு விஷயத்தை மட்டும் அப்பனும் மகளும் மூச்சு விடலையா? நீ பாத்ரூம்ல விழுந்து கிடந்தா நான் என்னடி பண்ணியிருப்பேன்? வாயில கரண்டியைத் திணிச்சிருப்பேன்!"

மூன்றாம் நாள், "உங்கப்பா எல்லாத்தையும் நம்பர் போட்டுத்தானே எழுதுவாரு? வலிப்பு வந்தா நான் என்ன செய்யணும்னு எழுதச் சொல்லு" என்றார்.

அந்தத் தாள் விஷயத்தில் உங்கள்மேல் கோபம் இருக்கிறது. நேரில் வைத்துக்கொள்கிறேன்.

சிட்டு


பிப்ரவரி 27

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆறு வருடத்தில் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். நான்கு முறை கிழித்தேன்.

1. தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள்.
2. வாயில் எதையும் திணிக்காதீர்கள்.
3. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.
4. உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெளியும்வரை கூடவே இருங்கள்.
5. சிட்டுவுக்கு நான் எழுதியதில் மூன்றாவது தவறு. இந்த நான்கையும் கல்யாணத்தன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மாமா